மாஹியா: எருமை மேய்த்தவனுக்கு ஒரு பாட்டு

[காட்சி: விடியற்காலை. செனாப் ஆற்றங்கரையில் எருமைக் கூட்டம். தூரத்தில் புல்லாங்குழல்.]

பஞ்சாபி நாட்டுப்பாட்டு கேட்டிருந்தா, 'மாஹி', 'மாஹியா'ங்கிற சொல் உங்க காதுல கண்டிப்பா விழுந்திருக்கும். பொண்ணுங்க காதலனைக் கூப்பிடுற சொல் அது. அதோட பழைய அர்த்தம், எருமை மேய்க்கிறவன்.

உலகத்துல எத்தனையோ பேர் இருக்க, காதலனுக்கு ஏன் இந்தப் பேர்?

[காட்சி: வரைபடம். தக்த் ஹஸாரா, ஜங்.]

பதில், பஞ்சாபோட புகழ்பெத்த ஹீர்-ராஞ்ஜா காதல் கதையில இருக்கு. ராஞ்ஜா தக்த் ஹஸாராங்கிற ஊர்க்காரன். நிலபுலன் உள்ள குடும்பத்துல கடைக்குட்டி, அப்பாவோட செல்லம், கையில எப்பவும் புல்லாங்குழல். அப்பா போனதும் அண்ணன்கள் நல்ல நிலத்தை எடுத்துக்கிட்டு, வறண்ட நிலத்தை இவன் தலையில கட்டுறாங்க. மனசு வெறுத்து ஊரை விட்டுக் கிளம்பி, ஜங் பக்கம் வந்து ஹீர்ங்கிற பொண்ணைப் பார்க்கிறான். அவ பக்கத்துலயே இருக்க ஒரே வழி, அவ அப்பாகிட்ட வேலைக்குச் சேர்றது. கிடைச்ச வேலை எருமை மேய்க்கிறது. பன்னிரண்டு வருஷம் மேய்ச்சான்னு கதை சொல்லுது.

ஹீர் என்ன செஞ்சா? தினமும் ஆற்றங்கரைக் காட்டுக்குச் சூரி கொண்டுபோனா. ரொட்டியை நெய்யும் சர்க்கரையும் விட்டுக் கையால நொறுக்கிப் பிசையுறதுதான் சூரி. அவ சித்தப்பா கைதோ, பக்கீர் வேஷம் போட்டு ராஞ்ஜாகிட்ட அந்தச் சூரியையே பிச்சையா வாங்கி, ஊர்ப் பெரியவங்க முன்னாடி சாட்சியா வைக்கிறான். இந்த இடம் எனக்கு எப்பவும் நெஞ்சைப் பிசையும். அவங்க காதலைக் காட்டிக்கொடுக்க வேற எதுவும் தேவைப்படல, ஒரு பிடி சூரி போதுமா இருந்திருக்கு.

[காட்சி: பழைய கையெழுத்துப் பிரதி. பின்னணியில் தனிக்குரல்.]

1766-ல கவிஞர் வாரிஸ் ஷா இந்தக் கதையை 'ஹீர்'ங்கிற காவியமாப் பாடினார். இன்னைக்கும் 'ஹீர்' பாடுறவங்க இந்துஸ்தானி பைரவி ராகத்துல, தாளத்துக்குக் கட்டுப்படாம, குரலை நீட்டி நீட்டிப் பாடுவாங்க. ஹீரைக் கட்டாயப்படுத்தி வேற இடத்துல கட்டிக்கொடுக்கிறப்போ, ராஞ்ஜாவோட தனக்கு நிக்காஹ் ஏற்கனவே ஆயிடுச்சுன்னு அவ காஜியோட, அதாவது கல்யாணம் நடத்தி வைக்க வந்த இஸ்லாமிய நீதிபதியோட, வாதாடுற பகுதி அதுல உண்டு. ராஞ்ஜா காது குத்தி, உடம்பெல்லாம் சாம்பல் பூசி, ஜோகியாகி, அதாவது துறவியாகி, அவ வாசலுக்குப் பிச்சை கேட்டுப் போறான். நிலக்காரன் மகன் மேய்ப்பனானான், மேய்ப்பன் பிச்சைக்காரனானான். ஒவ்வொரு படி இறங்குறப்பவும் அவ கிட்டத்துல வர்றான்.

பஞ்சாபோட இன்னொரு காதல் கதையான சோஹ்னி கதையும் இப்படித்தான். புகாராவுல இருந்து வந்த பணக்கார வியாபாரி இஸ்ஸத் பேக், குயவர் மகள் சோஹ்னிக்காக அவ வீட்டு எருமைகளை மேய்க்கிறான். அவன் பேரே மஹிவால்னு மாறிடுது. அதுவும் எருமை மேய்க்கிறவன்தான்.

[காட்சி: கசூர் நகரம். தர்கா முற்றம்.]

இனி புல்லே ஷா. 1757-ல மறைஞ்ச சூஃபிக் கவிஞர். உயர்ந்ததா மதிக்கப்பட்ட சையது குடும்பத்துல பிறந்தவர், குருவா ஏத்துக்கிட்டது ஷா இனாயத்தை. அவர் தோட்டம் பயிர் செய்யுற அராயீன் சாதிக்காரர். வீட்டுல பெரிய எதிர்ப்பு. இவர் அசையல. இப்படி இறங்கிவந்த மனுஷன் பாடினதுதான் இது:

"ராஞ்ஜா ராஞ்ஜா கர்தீ நீ மைன் ஆபே ராஞ்ஜா ஹோயீ."

ராஞ்ஜா ராஞ்ஜான்னு சொல்லிச் சொல்லி நானே ராஞ்ஜா ஆயிட்டேன், இனி யாரும் என்னை ஹீர்னு கூப்பிடாதீங்க. ஓர் ஆண், ஹீரோட குரல்ல பாடுறார். கடவுளுக்கும் குருவுக்கும் அவர் வெச்ச பேரு, எருமை மேய்ச்ச அந்தப் பையனோட பேரு.

[காட்சி: கல்யாண வீடு. பெண்கள் டோலக்கைச் சுற்றி.]

இதெல்லாம் காவியம், தர்கா. வீட்டு முற்றத்துல பாடுறதுக்குப் பேரே 'மாஹியா'. மூணே வரி. முதல் வரியில ஒரு மரம் வரும், ஒரு வளையல் வரும், முற்றத்துல உட்கார்ந்த காக்கா வரும். காதலுக்கும் அதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது, கடைசி வரிக்கு இயைபு கொடுக்க வந்தது. சொல்ல வந்த ஏக்கம் மத்த ரெண்டு வரியில இருக்கும். ஒரு பக்கத்துப் பெண்கள் எடுத்துவிட, எதிர்ப்பக்கம் பதில் பாடும்.

மணமகன் லாரி ஓட்டுறவரா இருக்கலாம், பட்டாளத்துல இருக்கலாம், கனடாவுல இருந்து நேத்துதான் வந்து இறங்கியிருக்கலாம். டோலக் தட்ட ஆரம்பிச்சதும் அந்தப் பெண்கள் அவரைக் கூப்பிடுறது, மாஹியா.

[பாட்டு உயர்கிறது. திரை இருள்கிறது.]