உரிமைத் தொகையை விழுங்கிய மினிமம் பேலன்ஸ்

[திரையில்: ஒரு மாதிரி பாஸ்புக் பக்கம்]

இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். வரவு 1,000 ரூபாய். அடுத்த வரியிலேயே ஒரு பற்று: மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு அபராதம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். முதல் மாதமே, அந்தப் பணத்தைச் சில வங்கிகள் அபராதத்துக்குப் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் வந்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டியிருந்தது.

மகளிர் குழுக்களுக்கு நிதிப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சீட்டும் கட்டி, குழுக் கடன் தவணையும் கட்டி, பிள்ளைக்கு ஃபீஸும் கட்டுகிறவர். அவருக்குச் சிக்கனம் சொல்லித்தர நாம் யார்? அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டது வங்கியின் விதிகளை.

[திரையில்: வங்கிக் கவுன்ட்டர்]

ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்கிறோமே, அதற்கு வங்கியில் ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ என்று பெயர். ரிசர்வ் வங்கி 2012-இல் கொண்டுவந்தது. ஒரு ரூபாய்கூட இருப்பு வைக்க வேண்டாம். ஏ.டி.எம். கார்டு இலவசம். மாதம் நான்கு முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். பழைய கணக்கையே இப்படி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

சாதாரணக் கணக்கு என்றாலும், அபராதம் போட்டுக் கணக்கை மைனஸில் தள்ளக் கூடாது என்பது 2015 ஏப்ரல் முதல் விதி.

சரி, விதி தெரிந்தால் போதுமா? போதாது. வங்கிகளும் மாற வேண்டும். 2025-இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகள் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே கைவிட்டன. எந்த வகுப்புக்கும் வராத பெண்ணின் பணமும் அதனால் தப்பியது. அதனால்தான் இதைச் சமூகக் கொள்கைப் பிரச்சினை என்கிறேன். தனியார் வங்கிகள் பலவற்றில் அபராதம் இன்னும் இருக்கிறது.

[திரையில்: குழுக் கூட்டம், தரையில் பாய், கையில் பேனா]

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பாஸ்புக்கைக் கொண்டுவரட்டும். அபராத வரி இருந்தால் அங்கேயே மனு எழுதுங்கள்: ‘என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்.’ கைநாட்டு வைப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். நகலில் வங்கி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். கேட்டும் மாற்றாவிட்டால் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விவரம் கேட்க எண் 14448.