வருந்துகிறோம் என்றால் போதுமா? தலைவர்கள் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள்

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய புகாருக்கு இந்த வாரம் பதில் வந்தது. "தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்" என்ற ஒரே வரி. என்ன தவறு நடந்தது, யார் செய்தார் என்ற பேச்சே இல்லை, கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரை.

அதைக் குத்தி வைப்பதற்காகவே முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய கடைகளில் கடிதங்களைக் குத்தி வைப்பார்களே, அந்தக் கம்பி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் 900 ரூபாய் சொன்னார். அடிக்கட்டை பர்மாத் தேக்கு என்று சத்தியம் செய்தார். நகத்தால் சுரண்டிக் காட்டியதும் வார்னிஷ் உரிந்து வந்தது, 550-க்குப் படிந்தார். கம்பி மட்டும் அசல் பழையது. நுனி சற்றே வளைந்திருப்பதால் காகிதம் நழுவுவதில்லை.

கைப்பட எழுதிய கடிதம் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலை 13 அன்று தம் படைத் தளபதி கிராண்டுக்கு எழுதியது. ஜூலை 4 அன்றுதான் எதிரணித் தென்மாநிலங்களின் விக்ஸ்பர்க் நகரம் கிராண்டிடம் சரணடைந்திருந்தது. வென்றவருக்கு ஒரு பாராட்டு வரி எழுதி முடித்திருக்கலாம். லிங்கனோ, கிராண்ட் மிசிசிப்பி ஆற்றோடு கீழிறங்கித் தம் இன்னொரு தளபதியான பேங்க்ஸுடன் சேர வேண்டும் என்று தாம் கருதியதையும், படை பிக் பிளாக் ஆற்றுக்குக் கிழக்கே வடக்கு நோக்கித் திரும்பியபோது அது பிழை என்று அஞ்சியதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு, நீங்கள் செய்ததே சரி, நான் நினைத்தது தவறு என்று முடிக்கிறார். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: நாம் இருவரும் நேரில் சந்தித்ததாக நினைவில்லை என்றுதான் அக்கடிதமே தொடங்குகிறது. முகம் பார்த்திராத ஒருவரிடம் இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மறுநாளே, கெட்டிஸ்பர்க் போரில் தோற்ற எதிரணித் தளபதி லீயைத் தப்பவிட்டதற்காகத் தம் தளபதி மீடைக் கடிந்து லிங்கன் எழுதிய கடிதம் அனுப்பப்படவே இல்லை.

அரசு கேட்கும் மன்னிப்பில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கடிதத்தோடு காசோலையும் வர வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. 1988-இல் அதிபர் ரீகன் ஒப்பமிட்ட சட்டப்படி, அப்போது உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் உறுதியானது. 1990-இல் பணம் வழங்கத் தொடங்கியபோது அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷின் கடிதமும் சென்றது. பணமும் சொற்களும் மட்டும் இழந்த ஆண்டுகளை மீட்டுத் தர மாட்டா என்று அதில் அவரே எழுதினார். 1993-இல் அவருக்கு அடுத்த அதிபர் கிளிண்டன் எழுதிய கடிதம் இன்னும் நேரடியாக மன்னிப்புக் கேட்டது. இரண்டில் எனக்குப் பிடித்தது பின்னதே.

எனக்கு எரிச்சலூட்டுவது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டோனி பிளேரின் விவகாரம். அயர்லாந்து லண்டனின் ஆட்சியில் இருந்தபோது, 1845-இல் தொடங்கிய பஞ்சம் குறித்து 1997-இல் அவர் பெயரில் ஒரு செய்தி வெளியானது. லண்டனில் ஆண்டவர்கள் தம் மக்களைக் கைவிட்டனர் என்று அது மழுப்பாமல் சொன்னது. வாசகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2021-இல் வெளியான அரசு ஆவணங்களைப் பார்த்தால், பிளேரைத் தொடர்புகொள்ள முடியாததால் உதவியாளர்களே எழுதி, அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே அனுப்பிவிட்டிருக்கிறார்கள்! பஞ்ச நினைவு நிகழ்ச்சி மேடையில் அதை வாசித்தவர் கேப்ரியல் பைர்ன் என்ற நடிகர். வரைவை உதவியாளர் எழுதுவது உலகெங்கும் நடப்பதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன நம் ஊர்க்காரர்கள், கடைப் பொறுப்பாளரான மேலாள் கண்ணில் படாத ஒரு கடிதத்தைப் பெட்டியடியை, அதாவது கடையில் கணக்கெழுதும் இடத்தை, விட்டு வெளியே போக விட்டிருப்பார்களா?