மாண்ட்கோமரியில் ஒரு ராத்திரி வேலை

நேயர்களுக்கு வணக்கம். பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கைதான அந்த ராத்திரி கண் விழித்து வேலை பார்த்த ஜோ ஆன் ராபின்சனைத்தான் யாருக்கும் தெரியவில்லை. இதை நான் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம். ராபின்சன் அங்கே கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. 1949-இல், ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் கொஞ்சம் முன்னால், வெள்ளைக்காரருக்கு ஒதுக்கிய பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் அடிக்கிற மாதிரி கை ஓங்கிக்கொண்டு வந்தார். இவர் அழுதுகொண்டே இறங்கிவிட்டார். அந்த ஊர்ப் பேருந்தில் கறுப்பர்கள் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏறவேண்டும். ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு, காசு போனது போனதுதான்!

அடுத்த ஆண்டே, அந்த ஊர்க் கறுப்பினப் பெண்கள் நடத்திய பெண்கள் அரசியல் மன்றத்துக்கு இவர் தலைவி. 1954 மே மாதம் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நாங்கள், நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பேருந்து ஓடாது என்று மரியாதையாகவே எழுதினார். தேதியைக் கவனியுங்கள். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்பு!

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. கைதுச் செய்தி ராத்திரிதான் இவருக்கு எட்டியது. நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். கூட ஒரு சக ஆசிரியர், நம்பிக்கையான இரண்டு மாணவர்கள். சைக்ளோஸ்டைல் இயந்திரம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, ஒவ்வொரு தாளாக உருட்டி எடுப்போமே, அதேதான். காகிதம் வீணாகாமல் இருக்க ஒரே தாளில் மூன்று துண்டறிக்கை அடித்து, அப்புறம் வெட்டினார்கள். "இன்னொரு கறுப்பினப் பெண் கைது செய்யப்பட்டிருக்கிறார்" என்று ஆரம்பம். திங்கட்கிழமை வேலைக்கோ பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ பேருந்தில் போகாதீர்கள், இவ்வளவுதான் விஷயம். 35,000 பிரதி என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எல்லாம் கட்டுக்கட்டாகத் தயார். எட்டு மணிக்கு அம்மா வகுப்பில் நிற்கிறார்!

வகுப்பு முடிந்ததும் அதே மாணவர்களோடு காரில் கிளம்பினார். எந்தத் தெருமுனையில் யாரிடம் கட்டைக் கொடுப்பது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்திருந்தது. கல்லூரித் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். அரசு நடத்துகிற கல்லூரி, வேலையே போயிருக்கும். காகிதச் செலவை மன்றமே கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். வேலைக்கு ஆபத்து என்பதால்தான் துண்டறிக்கையிலும் அவர் பெயர் கிடையாது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26 வயது, ஊருக்குப் புதியவர். பேருந்துப் புறக்கணிப்பை நடத்தத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது திங்கட்கிழமை மதியம்தான். அன்று காலையிலேயே பேருந்துகள் காலியாக ஓடிக்கொண்டிருந்தன. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த வரிசையைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. ராபின்சன் தன் காரிலேயே ஆட்களை ஏற்றி இறக்கினார். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது, கார்மேல் அமிலம் ஊற்றினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 1956 டிசம்பர் 21-இல் மக்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். 1960-இல் அவர் அந்தக் கல்லூரியை விட்டே போகவேண்டி வந்தது. அந்தக் கதைக்குத் தனியாக ஒரு உரை வேண்டும், நிலையத்தார் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.