மூச்சு திரும்பிய பிறகு

(காரைக்குடியில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, செவிலியர் பணியிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்து வலியைத் தணிக்கும், அளவு மிஞ்சினால் மூச்சை அடக்கும் மருந்து வகை, என்றதும் ஹெராயினும் வடமாநிலங்களுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் டேபென்டடால் என்னும் வலி மாத்திரையை நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் சில ஆண்டுகளாகவே எழுதி வருகின்றன. அப்படி ஒருவர் மூச்சடங்கும் நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் அவரை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

"காலையிலிருந்து சாப்பிடவில்லை, மயங்கிவிட்டான்" என்பார் அப்பச்சி. சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். கண்மணியோ கடுகளவாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்திருக்கும். உடனே ஆம்பு பையால், அதாவது கையால் அழுத்திக் காற்றூட்டும் பையால், மூச்சுக் கொடுக்க வேண்டும்; விசாரணைக்காக அது காத்திருக்கக் கூடாது. வீட்டுப் பெயருக்கு அஞ்சி மறைப்பவர்களை அதட்டினால் வாய் இன்னும் இறுகும். தாயைத் தனியே அழைத்து, "சரியான மருந்து கொடுக்கத்தான் கேட்கிறேன் ஆச்சி" என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

முறிமருந்தின் பெயர் நலாக்சோன். ஓபியாய்டுக்குப் பழகிய உடலில் 0.4 மில்லிகிராம் ஆம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) முழுவதையும் ஒரேயடியாக ஏற்றினால் நோயாளி வாந்தியும் உடல்வலியும் நடுக்கமுமாகத் துள்ளி எழுவார், கத்துவார், கையை உதறுவார். "உயிரைக் காப்பாற்றியவர்களிடமே இப்படியா" என்று நாம் கோபிக்கிறோம். அந்த வேதனையை உண்டாக்கியதோ நம் ஊசிதான். அதே ஆம்பூலைச் சலைனில் கலந்து பத்து மில்லியாக்கி, மூச்சைப் பார்த்தபடி ஒவ்வொரு மில்லியாக ஏற்றலாம். மூச்சுச் சீராவதே குறி; அவர் எழுந்து உட்கார வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடும். உடலில் தங்கிய போதை அதைவிட நீண்டு நிற்கக்கூடும். வார்டில் நான்கு பேர் முன்னால் ஏச்சு வாங்கியவர் ஊசியைப் பிடுங்கிவிட்டு வெளியேறினால், வழியிலேயே மீண்டும் மூச்சடங்கலாம். ஆகவே மரியாதையாகப் பேசுவதையும் நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சையை முடித்தால், அவர்மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது அது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவிலேயே புப்ரெனார்பின் என்னும் ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மருந்து தொடங்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் 30ஆம் நாளில் சிகிச்சையில் இருந்தனர்; சிகிச்சை மையத்துக்குப் போகும்படி வெறும் பரிந்துரையோடு அனுப்பப்பட்டவர்களில் 37 விழுக்காட்டினரே இருந்தனர். நம் அவசரப் பிரிவுகள் அந்த நிலைக்கு வரும்வரை, டிஸ்சார்ஜ் சீட்டில் "போதை மறுவாழ்வு மையம் செல்லவும்" என்று ஒரு வரி எழுதுவதோடு நிற்காமல், எந்த மையம், எந்த நாள், யாரைப் பார்ப்பது என்று பேசி முடித்து எழுதித் தரலாம். குடும்பத்தினர் போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அங்கேயே அழைத்துப் பேசவும் உதவலாம்.