ஐம்பத்தாறுக்கு ஒரு டிக்கெட்

(முன்னாள் படைவீரர் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் ஒன்றியக்குழுத் தலைவர் அவர்களே, சுபேதார்களே, ஹவில்தார்களே, மணியார்டரை நம்பிக் குடும்பம் நடத்திய தாய்மார்களே, மைக் செட் தம்பி அவர்களே, வணக்கம்.

இரண்டு விஷயம் பேச வந்தேன்: அப்பாவின் கடிதங்கள், ராணுவத் தபால்.

அம்மா காலமான பிறகு, பரணில் கிடந்த ட்ரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட இறக்கினோம். அடியில் ஒரு கட்டு இன்லண்ட் கடிதம். எல்லாம் 1971. அப்பா அப்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில், மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகாது என்பார்களே, அதுதான்.

டிசம்பர் 3இல் சண்டை மூண்டது. 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த மாதக் கடிதத்தில் சண்டை என்ற பேச்சே இல்லை. "குளிர் கொஞ்சம் அதிகம். செவலை கன்று போட்டதா? சொசைட்டி கடனைக் கட்டிவிடு." இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. முகவரி வெறும் 56 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபால் நிலைய எண்.

ரேடியோவில் செய்தி கேட்ட அம்மா, முறுக்கு சுட்டு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். "ஐம்பத்தாறுக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

"ஐம்பத்தாறு ரூபாய்க்கா? எந்த ஊரும்மா?"

"ஊரு பேருதாங்க ஐம்பத்தாறு!"

வரிசையில் நின்ற பழைய ஹவில்தார் ஒருவர், "தங்கச்சி, அது ஊர் இல்ல. அவர் எங்க இருந்தாலும் அதே நம்பர்தான். லெட்டர் போடு, அது தேடிப் போயிடும்" என்றாராம். அம்மா விடவில்லை. "லெட்டர் போற வண்டியில நான் போகக் கூடாதா?" கடைசியில் முறுக்கு அந்த ஹவில்தாருக்குப் போனது.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இதையும் கேளுங்கள். முதல் உலகப் போரில் நம் சிப்பாய்களின் கடிதங்களை வெள்ளைக்காரன் பிரித்துப் படித்தான். அப்போது மொழிபெயர்த்து எடுத்துவைத்த பகுதிகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வேவு பார்த்தவன் பத்திரப்படுத்தினான். பெற்ற பிள்ளைகள் நாம் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம். குன்றிமணி நிறம் போகாதுதான். கரையான் அரித்தால் என்ன செய்வது?

நம் கிளை நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர். இவ்வளவுதான் நான் கேட்பது. ஒன்றியத் தலைவர் தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். பென்ஷனைப் பற்றிச் செயலாளர் பேசுவார். அலமாரிக்கும் ஸ்கேனருக்குமான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.