தராசின் நாவும் ஒரு குன்றிமணியும்

(கொழும்பு வெள்ளவத்தையில் இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

செட்டியார் தெருவின் பழைய நகைக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சிறு தராசை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். தட்டுகள் இரண்டும் சமனாக நிற்கும்போதும் அதன் நா ஓய்வதில்லை, மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். பகை அணிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் நெடுங்காலம் நீடிக்கும் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாவே என் நினைவுக்கு வருகிறது.

இரு தரப்புக்கும் ஒரே அளவு படையைக் கொடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று புதிதாகக் கற்பனை உலகம் படைக்கும் பலர் எண்ணுகிறார்கள். அத்தகைய சமநிலை முதல் போரோடு முடிந்துவிடும். ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை, ஆனால் அது இல்லாமல் மற்றவரால் ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது என்ற நிலையே பகைவர்களைக் கட்டிவைக்கிறது.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை இந்தக் கண்ணோடு மீண்டும் படித்துப் பாருங்கள். பழுவூர்ச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் கையில் பொக்கிஷமும் தானியக் களஞ்சியமும். அவர் தம்பி சின்னப் பழுவேட்டரையர் கையில் தஞ்சைக் கோட்டையின் காவல். வடதிசைப் படையோடு ஆதித்த கரிகாலன் காஞ்சியில். தென்திசைப் படையோடு அருள்மொழி நம் ஈழத்தில். படை இளவரசர்களிடம் இருக்கிறது, அந்தப் படைக்குச் சோறு போடும் கை பழுவூராரிடம் இருக்கிறது. ஈழத்துப் படைக்குச் சோழ நாட்டிலிருந்து உணவு அனுப்புவதா, வென்ற நாட்டிலேயே திரட்டிக்கொள்வதா என்ற வழக்கு, பார்வைக்கு அரிசிக் கணக்குப் போலத் தோன்றினாலும், உண்மையில் தராசின் நடுக்கம்தான். பழுவூருக்கு எதிர்த்தட்டில் கொடும்பாளூர் வேளிரை வைத்து, அக்குலத்து வானதியை அருள்மொழியின் பக்கம் கல்கி நிறுத்தியிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அச்சாணி எது? நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் மன்னர் சுந்தர சோழரின் மூச்சு. அது உள்ளவரை எவரும் வெளிப்படையாகக் கிளம்ப முடியாது. கிளம்பினால் அதன் பெயர் துரோகம். இந்தப் படுக்கையைக் கதையின் நடுவில் போட்டதைத்தான் கல்கியின் ஆகப் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

1965இல் வெளிவந்த பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் இந்தக் கட்டு மும்முனையாகிறது. பேரரசரின் படைக்கு ஈடாகப் பெருங்குடிகள் ஒன்றுசேர்ந்து நிற்க, இரு தரப்பையும் விண்வெளியில் ஏற்றிச்செல்லும் கப்பற்குழு யாருக்கும் தலைவணங்காமல் வாழ்கிறது. ஆனால் அக்குழுவின் வழிகாட்டிகளுக்கும் ஒரே ஒரு பாலைவனக் கோளில் விளையும் நறுமணப் பொருள் வேண்டும். அதை அடியோடு அழிக்க வல்லவன் ஒருவன் வந்ததும் மூன்று முனையும் அவன்முன் பணிகின்றன.

வள்ளுவர் இந்தக் கணக்கை முன்பே போட்டுவிட்டார். 'தன்துணை இன்றால் பகையிரண்டால் தான்ஒருவன் இன்துணையாக் கொள்கவற்றின் ஒன்று' என்பது 875ஆம் குறள். துணையற்றவன் இரு பகைகளில் ஒன்றை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டுமாம். 'இன்' என்ற அந்த ஈரெழுத்துக்குள் எத்தனை நடிப்பு அடங்கியிருக்கிறது!

இனி, பொன் நிறுக்கும் தராசின் தட்டைச் சாய்க்கும் சிறு விதையான குன்றிமணிக்கு வருகிறேன். மீண்டும் 'பொன்னியின் செல்வன்'தான். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவு. சிற்றரசர்கள் கூடியிருக்கிறார்கள். பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி இருப்பதாக எல்லோரும் நம்பிய மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. வெளியே வருபவன், அரியணைக்குப் பழுவூரார் முன்னிறுத்தும் மதுராந்தகன். அதை மறைந்திருந்து பார்த்துவிடுகிறான் கரிகாலனின் தூதன் வந்தியத்தேவன். அவனுக்கு ஆள நாடில்லை, படையில்லை. கரிகாலன் கொடுத்த இரண்டு ஓலைகளும் ஒரு குதிரையும் மட்டுமே. விடிந்ததும் அவன் தஞ்சைச் சாலையில் குதிரையை விடுகிறான், தட்டு அப்போதே சாயத் தொடங்கிவிடுகிறது.