ஆறில்லா ஊரா பெங்களூரு?

அவைத் தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, அழைத்ததும் மறுக்காமல் வந்த மாநகராட்சிப் பொறியாளர் ஐயா அவர்களே, மைக் கரகரக்காமல் பார்த்துக்கொள்ளும் தம்பி, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய், பிள்ளையார் சிலை, ஏரிக்கரைக் குப்பை என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். பெங்களூரில் ஏது ஆறு என்கிறீர்களா? பசவனகுடி நந்தியின் காலடியில் பிறந்ததாகச் சொல்லும் விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. இந்த அல்சூர் ஏரி நிரம்பினால் பெல்லந்தூர், பிறகு வர்த்தூர், பிறகு தட்சிண பினாகினி. ஒசூர்ப் பக்கம் போனால் அதுதான் தென்பெண்ணை. இங்கே நாம் கரைத்துவிடும் சோப்பு, கெலவரப்பள்ளி அணையில் நுரையாக எழுகிறது. அந்தத் தண்ணீரில்தான் கிருஷ்ணகிரிச் சம்பந்தி நெல் நடுகிறார்!

2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்தது. தீப்பிடித்தால் ஏரித் தண்ணீரை எடுத்து ஊற்றலாம்; ஏரியே எரிந்தால் எதை ஊற்றுவது? தீயணைப்பு வண்டி கரையில் நிற்கிறது. உள்ளே காய்ந்த களைச்செடி, அடியில் சேறு. படகு விட்டால் செடி சிக்கும், ஆள் இறங்கினால் கால் புதையும். கடைசியில் ராணுவம் ஆயிரக்கணக்கில் வந்தது. எல்லையில் நிற்க வேண்டியவர்கள் ஐயா, நம் சாக்கடைத் தீயை அணைத்தார்கள்! (சிரிப்பு.)

ராஜகால்வாய் மழைநீருக்கானது. மூன்று நாள் மழையில்லாமலும் அதில் தண்ணீர் ஓடினால், பெரும்பாலும் அது சாக்கடை. யார் வீட்டுக் குழாய் என்று கண்டுபிடிக்க 50 கிராம் கேசரிப் பவுடர் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றி, பின்னாலேயே இரண்டு வாளி நல்ல தண்ணீர் விடுங்கள். ஒருவர் தெரு மேன்ஹோலில், ஒருவர் கால்வாயில் கால் மணி நேரம் பார்க்கட்டும். நிறம் எங்கே வருகிறதோ, இணைப்பு அங்கே. குங்குமம் வேண்டாம், அடியில் தங்கிவிடும். காலை ஏழு மணிக்கும் வேண்டாம். ஊரே குளிக்கும் நேரம், நிறம் வெளுத்துவிடும். மதியம் இரண்டு மணிதான் சரி.

தலைகீழான தப்பும் உண்டு. மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆயிரம் சதுர அடியில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 900 லிட்டர். பத்து வீட்டுத் தண்ணீர் சேர்ந்தால் மேன்ஹோல் மூடி எழும்பாமல் என்ன செய்யும்? புகார் எழுதும்போது பார்த்து எழுதுங்கள்: சாக்கடைக் குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையது, கால்வாய் மாநகராட்சியுடையது. மாற்றி அனுப்பினால் காகிதம் இரண்டு மேசைக்கும் நடுவில் தூங்கும். பொறியாளர் ஐயா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். ஆறு இருந்தும் சாக்கடை என்று பெயர் வைத்த ஊருக்கு? பிள்ளையாரும் குப்பையும் இன்னொரு நாள், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு இந்தத் தெருவிலிருந்தே தொடங்குவோம். கேசரிப் பவுடர் என் செலவு, வாளி நீங்கள் கொண்டு வாருங்கள்.